சோத்தாங்கைப் பக்கம்

ஜூலை 3, திங்கள்

இது வண்டியின் லாக் புத்தகம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் டோசர் ஓட்டினேன். அங்கே தினமும் லாக் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். சுரங்கத்தை மூடினார்கள். நான் ஓட்டிய டோசரையே, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் நகரும் டிராக்டர் அது, ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுதும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஓடிய மணி, டீசல், கிரீஸ், கழற்றியது, மாட்டியது இவை மட்டும்தான் இதில் இருக்க வேண்டும். சொந்த விஷயம் எழுதக் கூடாது.

ஓடிய மணி: பூஜ்யம்.

நேற்று ஊர்க் கூட்டத்தில் குளத்துக் கரையைப் பற்றிப் பேச்சு வந்தது. போன வருடம் பொக்லைனை வைத்து மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். கொட்டினார்களே தவிர, பரப்பி அடுக்கடுக்காக மிதிக்கவில்லை. முதல் தண்ணீருக்கே நாற்பதடி பிய்த்துக்கொண்டு போனது. குளத்தில் சொட்டு நிற்கவில்லை. ஊரில் கிணறெல்லாம் தரை தட்டிக் கிடக்கிறது, தென்னை மொட்டையாகிக்கொண்டு வருகிறது. மண்ணை மிதிக்கச் செயின் வண்டிதான் சரி என்று எழுந்து பேசினேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "ஆவணி ஒண்ணாந்தேதி வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள என்ற வண்டியிலயே கரையை மூடிக் குடுக்கறனுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

குளத்துக் கமிட்டித் தலைவர் கிட்டுசாமி மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர். மச்சினனை வாரச் சந்தர்ப்பம் கிடைத்தால் மனிதருக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி. "மாப்ள, உன்ற ஆமை செட்டை உட்டு வெளிய வந்தே ரெண்டு வருசமாச்சு. அது குளத்துக்கு நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த ஆவணியே வந்துரும்" என்றார். ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து செட்டைத் திறந்து வண்டியைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூலை 5, புதன்

எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்து ஸ்டார்ட் செய்தால் வாய் கொப்பளிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. கோளாறு எல்லாம் காலில்.

இரண்டு செயினையும் பிரித்துத் தரையில் விரித்துப் போட்டேன். செயினைப் பூட்டியிருக்கும் மாஸ்டர் பின்னை அடித்து வெளியே எடுப்பதற்குள் சம்மட்டிப் பிடி இரண்டு முறிந்தது. வண்டியின் பாரத்தைச் சுமந்து செயின்மேல் உருளும் கீழ் ரோலர்கள் பக்கத்துக்கு ஐந்து. பத்தும் தேய்ந்து வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கின்றன. பின்னால் செயினை இழுக்கும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இதில் ஒரு நல்லதும் உண்டு. வண்டி முன்னால் போகும்போது பல்லுக்கு ஒரு முகம்தான் வேலை. இடது ஸ்ப்ராக்கெட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி மாட்டினால் தேயாத முகம் வேலைக்கு வரும். செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் அப்படித்தான், அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் இன்னொரு ஆயுள் ஓடும்.

புதுச் சாமான் உலகத்தில் எங்கும் கிடையாது. காங்கயத்தில் மைனாவதி பட்டறையில் பெரிய பிரஸ்ஸும் லேத்தும் இருப்பதாக டிப்பர்காரர்கள் சொன்னார்கள்.

ஜூலை 7, வெள்ளி

ரோலர் பத்து, செயின் இரண்டு, மைனாவதி பட்டறையில் ஒப்படைத்தாயிற்று.

பட்டறை மைனாவதியின் அப்பா வைத்தது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது. இப்போது மகள்தான் எல்லாம். வயது முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும். ரோலர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றையும் காலிப்பரில் அளந்தார். பிறகு திரும்பி, "ஏனுங்ணா, சொரங்கத்துல இந்த வண்டி எப்பவுமே ஒரே பக்கமாத்தான் திரும்பிட்டிருந்துதுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினெட்டு வருடமும் அந்தக் குழியில் ஒரே பக்கமாகத்தான் திரும்பினேன். தேய்மானத்தைப் பார்த்தே என் பிழைப்பைப் படித்துவிட்டார்.

வெல்டிங்கை இரண்டு கையாலும் அடிக்கிறார். இந்தக் கை ஓய்ந்தால் அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார், சர்க்கஸ் பார்ப்பது போல இருந்தது. சாமான் கொடுப்பதும் வாங்குவதும் மட்டும் மறக்காமல் வலது கையில்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் பின்னால் போய்விட்டார். நான் கொண்டுபோனதை வாசற்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். என்மேல் டீசல் நாற்றம் அடிக்கிறது போலிருக்கிறது.

ஜூலை 8, சனி

சந்தன சோப்பு மூன்று. வண்டிக்கு அல்ல.

ஜூலை 12, புதன்

ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற மைனாவதியே தன் டெம்போவில் ஐதராலிக் புல்லரைக் கொண்டுவந்தார். முப்பது வருடமாக அசையாமல் உட்கார்ந்திருந்த சாமான். பம்ப் அடிக்க அடிக்க ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வெடி போட்டது போல ஒரு சத்தம், எங்கள் செட்டுக் கோழி மூன்றும் கூரைக்குப் போய்விட்டன. ஒரு பக்கம் வந்துவிட்டது. அடுத்ததற்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு நான் டீ வாங்கப் போனேன். வருவதற்குள் இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக எழுத்தும் அடித்துவிட்டிருந்தார். ஒன்றில் 'சோ'. இன்னொன்றில் 'பீ'.

"என்னங்க இது?"

"சோத்தாங்கைப் பக்கத்ததுக்குச் சோ. பீச்சாங்கைப் பக்கத்ததுக்குப் பீ. மாட்டறப்ப மாத்தி மாட்டோணுமில்லீங்ணா, அதுக்குத்தான்."

"பீன்னு எழுதி வெச்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"ஸ்ப்ராக்கெட்டுக்கு வெக்கமெல்லாம் இல்லீங்ணா" என்றார். "எங்கப்பன் காலத்துல இருந்தே எங்க பட்டறையில இப்படித்தான். எடது வலதுன்னு எழுதுனா அவசரத்துல கொழம்பிப் போகும். சோறு திங்கற கை எதுன்னு தெரியாதவன் ஒருத்தன் இருப்பானா?"

அது சரிதான். நல்ல ஏற்பாடு. இனி நானும் இப்படியே குறிப்பதாக இருக்கிறேன்.

சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்றார். ஸ்ப்ராக்கெட் இரண்டையும் ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்பி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். தூக்குப்போசி மூடி பளபளத்தது இங்கிருந்து தெரிந்தது. சோப்பால் பிரயோஜனம் இல்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. வழக்கப்படி நெருப்பில் தேங்காய் சுட்டோம். மாமா வீட்டிலிருந்து தங்கமணி அக்கா காலையிலேயே வந்து, "காங்கயத்துக்கு வாரத்துல நாலு நாள் போற போலிருக்குது?" என்றது.

"ரோலர் வேலையாகுதுக்கா."

"ரோலர் அங்க இருக்குது. நீ போயி என்ன பண்ற?"

"பாக்கோணுமில்ல."

"பாரு பாரு. எதா இருந்தாலும் ஆடி போவட்டும். ஆவணி பொறக்கட்டும்."

தண்ணீர் ஆவணியில்தானே வருகிறது, அதைச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, வெள்ளி

செயினில் பின்னும் புஷ்ஷும் திருப்பும் வேலை பாதி முடிந்தது. பிரஸ்ஸில் ஒவ்வொரு கண்ணியாக வைத்து அழுத்த, பின் முனகிக்கொண்டே வெளியே வரும். நான் தாங்கிப் பிடிக்க, அவர் லீவரை அழுத்த, மறுபக்கம் திருப்பி உள்ளே ஏற்ற. எழுபத்திரண்டில் நாற்பது ஆயிற்று. பேச்சில்லாமலே வேலை ஓடியது. நான் கை நீட்டுவதற்கு முன்னால் சாமான் கையில் இருந்தது.

ஒரு விஷயம். இன்று முழுக்க என்னை 'ஏனுங்' என்றுதான் கூப்பிட்டார். 'ஏனுங்ணா' என்று ஒரு தடவைகூட வரவில்லை. போன வாரம் நான் ரோலரைக் கீழே போட்டுச் சிமென்ட் தளத்தைப் பெயர்த்ததில் கோபம் போலிருக்கிறது. நமக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

ஜூலை 22, சனி

அக்காவிடம் சொன்னேன். "அண்ணான்னு கூப்பிடறதை நிறுத்திட்டாங்க, கோவமாட்ட இருக்குது" என்று. அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தது. "நாப்பத்தேழு வயசுக்கு உனக்கு ஏன் பொண்ணு அமையலீன்னு இப்பத்தான்டா எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது.

சம்பந்தமே இல்லாமல் பேசுகிறது.

ஜூலை 29, சனி

ரோலர் பத்தும் முடிந்தது. வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்ததில் நெல்லிக்காய் போல ஒரே அளவாக உருண்டையாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. மைனாவதி தன் சின்னம்மா ஊருக்குப் போய்விட்டார். சாமான் எல்லாம் டெம்போவில் வந்து சேர்ந்தது. ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. தேய்ந்து கூரான பல் நுனிகளில் வெல்டிங் வைத்து ராவி, சிவப்புப் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார். எந்த முகம் தேய்ந்தது, எது தேயாதது என்று கண்ணுக்குத் தெரியாது. நல்லவேளை, எழுத்து இருக்கிறது.

'சோ' போட்டதைப் பீச்சாங்கைப் பக்கம் மாட்டினேன். 'பீ' போட்டதைச் சோத்தாங்கைப் பக்கம் மாட்டினேன். மாமா பாரம் தூக்கும் செயின் பிளாக்கைப் பிடித்தார். பிடித்த நேரத்தைவிட யோசனை சொன்ன நேரம் அதிகம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஓடிய மணி: கால். அதைக்கூட எழுத வெட்கமாக இருக்கிறது.

காலையில் சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தேன். மாமா கமிட்டி ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். செட்டிலிருந்து தோட்டத்து மேடு வரை வண்டி நன்றாக நடந்தது. மேட்டில் ஏற்றினேன். பின்னால் டக், டக் என்று சத்தம். செயின் பல்லில் உட்காராமல் ஏறி ஏறிக் குதிக்கிறது. கிளட்சைப் பிடிப்பதற்குள் சோத்தாங்கைப் பக்கச் செயின் கழன்று தட்டைப் பாம்பாட்டம் படுத்துக்கொண்டது.

"ஆமை ஓட்டைக் கழட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போகுதாட்ட இருக்குது" என்றார் மாமா. இந்தத் தடவை அவரே சிரிக்கவில்லை. பதினோரு நாள்தான் இருக்கிறது. வண்டி நடக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி வேறு ஏற்பாடு பார்க்க வேண்டியிருக்கும் என்றார். வேறு ஏற்பாடு என்றால் மறுபடியும் அள்ளிக் கொட்டுவதுதான். மறுபடியும் முதல் தண்ணீருக்குப் போகும். இந்தக் குளம் இன்னொரு வருடம் காய்ந்தால் தென்னை மிஞ்சாது. என் பேச்சை நம்பி நாற்பது டிப்பர் மண்ணைக் கொண்டுவந்து கரையோரம் குவித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மைனாவதியிடம் போனில் பேசினேன்.

"சோவை எந்தப் பக்கமுங்க மாட்டுனீங்க?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"பீயை?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"சரியாத்தான மாட்டியிருக்கீங்க. அப்புறமென்ன?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். மாட்டுனது சரின்னா, செஞ்சதுல ஏதோ தப்பிருக்கோணும்."

"என்ற ரோலர்ல நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் பட்டறையைப் பூட்டிச் சாவியை உங்க கையில குடுத்தர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

ஓடிய மணி: பூஜ்யம். ரோலர் பத்தையும் நானே அளந்தேன். நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

முதலிலிருந்து எழுதுகிறேன். காலையில் மைனாவதி காலிப்பரோடு வந்து இறங்கினார். முகம் உம்மென்று இருந்தது. ரோலரை அளந்தார், கண்ணிகளை அளந்தார், ஒன்றும் அகப்படவில்லை. பதினொரு மணிக்குப் பேய் மழை பிடித்துக்கொண்டது. வேப்பமரம் வரை ஆறாக ஓடியது. டெம்போவுக்குப் போக வழியில்லை. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "வா அம்மணி, ஒரு வாய் சாப்புட்டுட்டு அளக்கலாம்" என்று கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டது. பசியில்லை என்றதெல்லாம் அக்காவிடம் செல்லுமா? எங்கள் இருவருக்கும் இலை போட்டு அரிசிம்பருப்புச் சோற்றை வைத்து நெய்யை ஊற்றிவிட்டது.

மைனாவதி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கை வைத்தார். இடது கை. நல்லாப் பிசைந்து, நல்லா உருட்டி, சிந்தாமல் சாப்பிட்டார்.

நான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன். சோறு திங்கற கை எதுன்னு தெரியாதவன் ஒருத்தன் இருப்பானா! இவருடைய சோத்தாங்கை இடது கை! 'சோ' என்று அடித்தது இடது பக்கத்து ஸ்ப்ராக்கெட்டில். நான் அதை இடது பக்கமே மாட்டியிருக்கிறேன். இரண்டும் மாறவே இல்லை, இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டன! போனில் நான் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி.

"அட கெரகமே!" என்று கத்திக்கொண்டு மழையில் ஓடினேன். கையில் சோற்றோடு வண்டிக்கு அடியில் புகுந்து பல்லின் இடுக்கில் கட்டைவிரலை வைத்துத் தடவினேன். செயின் உட்காரும் முகத்தில் கிண்ணம் போலக் குழி. மறுமுகம் வழவழவென்று புதுசு. சேற்றில் படுத்துக்கொண்டே சிரித்தேன். திருப்பிப் போட்ட புஷ் இந்தக் குழியில் உட்காராமல்தான் செயின் குதித்திருக்கிறது. இரண்டு நாள் வேலை. கரையை மூட நேரமிருக்கிறது.

சொல்லலாம் என்று உள்ளே ஓடிவந்தால் இலையில் பாதிச் சோறு இருக்கிறது, ஆள் இல்லை. டெம்போவும் இல்லை. மழைக்குள்ளேயே போயிருக்கிறார். புல்லரும் டெம்போவில் போய்விட்டது. இப்படி ஒரு அவசரம் என்ன என்று புரியவில்லை.

அதே நாள், விளக்கு வைத்த பின்

அக்கா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதினால் புத்தகம் எரிந்துவிடும். சாரம் மட்டும்.

நான் கத்திக்கொண்டு எழுந்து ஓடியதும் மைனாவதி கையை உதறிவிட்டு எழுந்தாராம். "பரவாயில்லீங்க்கா, எனக்குப் பழக்கந்தான்" என்றாராம். பத்து வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் பந்தியில் அவர் இடது கையால் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, கை கழுவாமல்கூட எழுந்து போனார்களாம். அதற்கப்புறம் அடுத்தவர் முன்னால் அவர் சாப்பிடுவதே இல்லையாம். அவருடைய அப்பாவுக்கும் இடது கைதானாம். அவர் இருந்தவரை பட்டறையில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்களாம்.

"இத்தனை வருசங் கழிச்சு ஒருத்தன் முன்னாடி எலையில கை வெச்சா. அவன் காட்டுப்பன்னியாட்டக் கத்திட்டு ஓடறான்" என்றது அக்கா.

"நா ஸ்ப்ராக்கெட்டைப் பாக்க ஓடுனங்க்கா!"

"அது எனக்குத் தெரியும். அவளுக்கு?"

லேத்துக்குப் பின்னால் போனது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போனது எல்லாம் இப்போதுதான் விளங்குகிறது. சோப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நெஞ்சில் ரோலரை ஏற்றி வைத்தது போல இருக்கிறது. கரையைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும் என்று எழுத வந்தேன். இல்லை. கரையைப் பற்றியது இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தூக்குப்போசியில் அக்கா அரிசிம்பருப்புச் சோறு போட்டுக் கொடுத்தது. ஒரு மணிக்குச் சரியாகப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"புல்லர் வேணும்னா எடுத்துட்டுப் போங்க. நா வர்லீங்க" என்றார் மைனாவதி, ஏறிட்டுப் பார்க்காமல். வெல்டிங் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார். வெல்டிங் ஒன்றும் நடக்கவில்லை, சும்மாதான் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பேசினால் உளறுவேன் என்று தெரியும். லேத்துக்குப் பின்னால், அவர் வழக்கமாக உட்காரும் கட்டையில் போய் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தேன். இடது கையை விட்டேன். எடுத்ததில் கால்வாசி வாய்க்கு வந்தது, மிச்சம் சட்டைக்குப் போனது. அடுத்த கவளம் மூக்கில் பட்டது. டோசர் பிளேடை அரை அங்குலத்துக்கு நிறுத்துகிறவன் நான், ஒரு வாய்ச் சோற்றை நிறுத்த முடியவில்லை.

முகமூடி மேலே போனது. "என்னங்க பண்றீங்க?"

"சோத்தாங்கையில திங்கறனுங்க" என்றேன். "உங்க பட்டறையில சோத்தாங்கை இதுதானுங்களே. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. சோவை அது இருந்த பக்கமே மாட்டிப்புட்டேன்."

அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. தன் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"எங்கப்பனும் நானும் ரெண்டு பேரும் இந்தக் கைங்களா, அதனால அது வேற கையாட்டமே தோணுனதில்லீங்க. அப்பன் போன பொறவு எத்தனையோ வண்டிச் சாமான் கழட்டி மாட்டியிருக்கறேன், எல்லாத்தையும் நானே மாட்டுனதுனால தெரியாமயே போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்து அதுக்குத்தான் ஓடுனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சொல்லிட்டு ஓடறதுக்கென்ன?"

"புத்தி அவ்வளவுதானுங்க."

"ரோலர்ல தப்புன்னு சொன்னதுக்கு?"

"அதுக்கும் புத்தி அவ்வளவுதானுங்க. அளந்து பாத்தேன். நூல் வித்தியாசமில்லை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

தன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். எனக்கு இடது கையில் கவளம் எப்படி உருட்டுவதென்று காட்டினார். ராகிக் களியும் கீரையும். ரோலர் போலவே ஒரே அளவாக உருட்டுகிறார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நேற்றும் இன்றும் இருவருமாக ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி மாற்றி மாட்டினோம். எழுத்தைப் பார்க்கவில்லை, பல்லின் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தோம். நான்கு மணிக்குக் கமிட்டி கூடியது. ஐந்து மணிக்குக் கூட்டத்துக்கு நடுவில் வண்டியோடு போய் நின்றேன். செட்டிலிருந்து குளம் வரை ஒன்றேகால் மைல். டக் என்ற சத்தம் ஒன்றுகூட இல்லை.

மாமா எழுந்து வந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். "ஆமை ஜெயிச்சுப்போட்டுது" என்றார். மாமா வாயில் எனக்கு நல்ல வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

ஓடிய மணி: இரண்டு.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஓடிய மணி: பதினொன்று. அடி அடுக்கு முடிந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஓடிய மணி: பன்னிரண்டு. செயினை இறுக்கினேன். கிரீஸ் வைத்தேன். மைனாவதி பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் குத்திப் பார்த்து, இறுகாத இடத்தில் கொடி நட்டார். கொடி என்றால் கிழிந்த துப்பட்டா. கொடி நட்ட இடத்திலெல்லாம் இன்னொரு மிதி.

ஆகஸ்ட் 17, வியாழன்

கரை மூடியாயிற்று. மேலே வண்டியை மூன்று நடை விட்டேன். ரோலர் பத்திலும் சூடு இல்லை. முதுகு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் நுரை, சருகு, ஒரு ரப்பர் செருப்பு, அப்புறம் தண்ணீர். சாயங்காலம் புது மண்ணில் முழங்கால் உயரம் ஏறியது. கரைமேல் ஊரே நின்று பார்த்தது. நான் குனிந்து கரையின் மறுபக்கம் முழுக்கத் தடவிக்கொண்டே நடந்தேன். பொட்டு ஈரம் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். யாரும் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்தார், பரவாயில்லை.

அக்கா பக்கத்தில் வந்து, "ஆவணி பொறந்துருச்சு. இனிப் பேசலாமாடா?" என்றது.

ஆடியில் அது எதைச் சொன்னது என்று இப்போதுதான் உறைத்தது. "அவங்களைக் கேட்டியாக்கா?" என்றேன்.

"ஜூலை மாசமே அண்ணான்னு கூப்பிடறதை நிறுத்துனவளைத் தனியா வேற கேக்கோணுமாக்கும்."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கரைமேல் கமிட்டிச் சாப்பாடு. நீளமாகப் பாய் விரித்துப் பந்தி. ஊரே இருந்தது. நான் முதலில் போய் உட்கார்ந்தேன். மைனாவதி எனக்கு எதிரில் வந்து நின்றார், புதுச் சேலை. முந்தானையில் வெல்டிங் பொறி ஒன்றுகூட இல்லை.

"ஏனுங், உங்க சோத்தாங்கைப் பக்கம் உக்காரட்டுங்களா, பீச்சாங்கைப் பக்கமா?"

"யாரோட சோத்தாங்கைன்னு மொதல்ல சொல்லிருங்க" என்றேன்.

என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். ஊர் முன்னால் இடது கையை இலையில் வைத்தார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சாம்பார் வாளியோடு அவர்களுக்கு நேராகப் போய் நின்றது, அவர்கள் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

என் வலது முழங்கையும் அவருடைய இடது முழங்கையும் ஒவ்வொரு கவளத்துக்கும் இடித்தன. ரசம் கொஞ்சம் என் வேட்டியில், பாயசம் கொஞ்சம் அவர் சேலையில். எதிர்ப் பந்தியிலிருந்து மாமா பொறுக்க முடியாமல், "ஏம்மணி, அந்தப் பக்கமா மாறி உக்காந்தா இடிக்காதில்ல?" என்றார்.

மைனாவதி இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

ஓடிய மணி: பூஜ்யம். கிரீஸ் வைக்கவில்லை. நாளை காங்கயம் போகும்போது சொந்த விஷயம் எழுத வேறு நோட்டு ஒன்று வாங்க வேண்டும், கொஞ்சம் தடிமனாக.